1000 டாலர் கையில இருக்கு, பழைய அமெரிக்க நோட்டு சேர்க்க எங்கருந்து ஆரம்பிக்கிறது?

ரெண்டு வாரம் முன்னாடி கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தர் வந்து, அண்ணா 1000 டாலர் ஒதுக்கி வச்சிருக்கேன், பழைய அமெரிக்க பேப்பர் நோட்டு சேர்க்கணும்னு ஆசை, ஒரே நோட்டா பெருசா வாங்கவா இல்ல நாலஞ்சு சின்னதா வாங்கவான்னு கேட்டார். டீக்கடையில நின்னுக்கிட்டு சொல்ற பதில் இல்லை அது, அதனால எழுதியே குடுத்துடலாம்னு உக்காந்தேன். நான் பென்சில்வேனியாவுல இருக்கேன், பதினோரு வருஷமா இதுல இருக்கேன், தப்பும் பண்ணியிருக்கேன், அதையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். அபூர்வம் வேற, விலை அதிகம் வேற. புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் சறுக்குறாங்க. 1901-ல வந்த 10 டாலர் நோட்டு, நடுவுல பெரிய காட்டெருமை, ரெண்டு பக்கமும் அமெரிக்காவோட மேற்கை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும், எல்லாரும் பைசன் நோட்டுன்னு சொல்லுவாங்க. நல்லா புழங்கி, ஆனா கிழியாம இருக்குற ஒண்ணே கிட்டத்தட்ட இந்த 1000 டாலர் மொத்தத்தையும் முழுங்கிடும். ஆனா பெரிய ஆக்‌ஷன் எதைத் திறந்தாலும் அதுல பைசன் இருக்கும், சில சமயம் அஞ்சாறு வரிசையா இருக்கும். இன்னைக்கு விட்டா அடுத்த மாசம் கிடைக்கும். எல்லாருக்கும் அது வேணும், அதனாலதான் அந்த விலை. அதே சமயம் உலகத்துலயே மூணோ நாலோதான் மிச்சம்னு பதிவாகியிருக்குற ஒரு சின்ன ஊர் பேங்க் நோட்டு பைசனை விட கம்மி விலைக்குப் போறதை நான் கண்ணால பாத்திருக்கேன். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

பெரிய சைஸ் நோட்டுகள்லருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லார் கண்ணும் முதல்ல அங்கதான் போகும். இன்னைக்கு நம்ம பர்ஸ்ல இருக்குற சைஸ் 1929 ஜூலையிலதான் புழக்கத்துக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அமெரிக்க நோட்டு ஏழே கால் இஞ்சுக்கு மேல நீளம், மூணு இஞ்சுக்கு மேல அகலம், கையில பிடிச்சா கடுதாசி மாதிரி இருக்கும். குதிரை மேல போத்துற போர்வைன்னே கலெக்டர்கள் செல்லமா சொல்லுவாங்க. இதுல அழகுன்னு பாத்தா 1896 சில்வர் சர்ட்டிஃபிகேட்டை (அரசாங்கம் வெள்ளிக்கு ஈடா விட்ட நோட்டு) அடிச்சுக்க ஆளில்லை, 1, 2, 5 டாலர்னு மூணே மதிப்புல வந்த செட், எஜுகேஷனல் நோட்டுன்னு பேர். 1 டாலர்ல சரித்திர தேவதை ஒரு பையனுக்கு வாஷிங்டன் நகரத்தைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பா, அந்தப் படம் வில் லோ வரைஞ்சது, சுத்தி பார்டர் முழுக்க அமெரிக்கப் பெரிய மனுசங்க பேரு, பின்னாடி ஜார்ஜ் வாஷிங்டனும் மார்த்தா வாஷிங்டனும். 5 டாலர்ல மின்சாரமே ஒரு பெண்ணா நிக்கும். 5 டாலர் நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது, 1 டாலர் எட்டும், ஆனா பாதிப் பணம் போயிடும்.

அப்படி ஒரே நோட்டுதான் வாங்குவேன்னு அடம் பிடிச்சா நான் பைசனை விட்டுட்டு 1896-ல 1 டாலரைத்தான் வாங்கச் சொல்லுவேன், அதுலயும் கீழ இருக்குற கையெழுத்தைப் பாத்து. ஒவ்வொரு நோட்டுலயும் கருவூல ரெஜிஸ்டர், டிரெஷரர்னு ரெண்டு அதிகாரிங்க கையெழுத்து இருக்கும். ரெண்டு ஜோடி கையெழுத்துல அது வந்துச்சு, டில்மன்-மோர்கன் ஒண்ணு, புரூஸ்-ராபர்ட்ஸ் இன்னொண்ணு. இந்த பிளான்ச் புரூஸ் அடிமையாப் பொறந்தவர், மிசிசிப்பியிலருந்து அமெரிக்க செனட்டுக்குப் போனவர், அப்புறம் கருவூலத்துல ரெஜிஸ்டர் ஆகி நாட்டோட பணத்துல கையெழுத்துப் போட்டவர். அந்த ஒரு கையெழுத்துக்காகவே நான் அந்த நோட்டை எடுத்து எடுத்துப் பாப்பேன். அவருக்கு அப்புறம் ஜட்சன் லயன்ஸ், வில்லியம் வெர்னன், ஜேம்ஸ் நேப்பியர்னு வரிசையா கறுப்பின ரெஜிஸ்டர்கள், தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்களோட ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கிட்டிருந்த அதே வருஷங்கள்ல அவங்க பேரு ஒவ்வொருத்தர் சட்டைப்பையிலயும் இருந்துச்சு.

இந்த லயன்ஸ், வெர்னன், நேப்பியர் எல்லாரையும் கம்மி செலவுல பிடிக்கணும்னா 1899 பிளாக் ஈகிள்தான் வழி. 1 டாலர் சில்வர் சர்ட்டிஃபிகேட், நடுவுல கழுகு கொடி மேல நிக்கும், கீழ ஒரு பக்கம் லிங்கன், இன்னொரு பக்கம் கிராண்ட். கோடிக்கணக்குல அடிச்சதனால இன்னைக்கும் 150, 200 டாலர் ரேஞ்சுல நல்ல நோட்டு கிடைக்கும், மடிப்பு இருக்கும், அது பரவாயில்லை. மொத்தம் 11 கையெழுத்து ஜோடி. அதுல நேப்பியர்-தாம்சன் மட்டும் கஷ்டம், தாம்சன் கொஞ்ச மாசம்தான் டிரெஷரரா இருந்தார், அதனால அந்த ஜோடி கம்மி, விலையும் ஏறும். டீஹீ-பர்க் ஜோடி சுலபமா கிடைக்கும், ஹூஸ்டன் டீஹீ செரோக்கி இனத்துக்காரர், ஓக்லஹோமாவுலருந்து வந்தவர். ஒரே டிசைன்ல 11 பேரைத் தேடுறதுல இருக்குற சுவாரஸ்யம் ஒரு பைசன் வாங்கி லாக்கர்ல வைக்கிறதுல வராது, இது என் அபிப்பிராயம், ஆனா உறுதியான அபிப்பிராயம்.

1934 சீரீஸ்ல 500, 1000 டாலர் நோட்டு பத்தியும் தம்பி கேட்டார். மெக்கின்லி படம் போட்டது 500, கிளீவ்லாண்ட் போட்டது 1000. 1945-க்கு அப்புறம் அடிக்கலை, 1969-ல விநியோகத்தை நிறுத்திட்டாங்க. பாக்க கெத்தா இருக்கும், மறுக்கலை, 1861-லருந்து வந்த எல்லா ஃபெடரல் நோட்டும் மாதிரி இன்னைக்கும் முக மதிப்புக்குச் செல்லும், அதுக்குக் கீழ விலை இறங்காதுன்னு ஒரு தைரியம். ஆனா அந்த முக மதிப்பே உங்க பணத்தைத் தின்னுடுது பாருங்க, 500 டாலர் நோட்டுக்குக் குடுக்குற விலையில பெரிய பங்கு காகிதத்துல எழுதியிருக்குற மதிப்புக்குத்தான் போகுது. நோட்டும் ஆயிரக்கணக்குல கிடக்கு. இந்த பட்ஜெட்டுக்கு வேண்டாம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச, ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்ற இடம், ஒரு டாலருக்கும் கீழ சென்ட் மதிப்புல வந்த அரசாங்க நோட்டு, அதாவது ஃபிராக்‌ஷனல் கரன்சி. உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சதும் ஜனங்க பயத்துல தங்கம், வெள்ளின்னு காசு எல்லாத்தையும் பதுக்க ஆரம்பிச்சாங்க, 1862-ல ரொட்டி வாங்கினா மீதி சில்லறை குடுக்க கடைக்காரன்கிட்ட ஒண்ணும் இல்லை. தபால் தலையை சில்லறையா குடுத்தாங்க, அது வேர்வையில ஒட்டிக்கிட்டு நாசமாச்சு. அரசாங்கமே தபால் தலைப் படத்தை காகிதத்துல அடிச்சு போஸ்டேஜ் கரன்சின்னு விட்டுச்சு, முதல்ல வந்த சிலதுக்கு ஸ்டாம்ப் மாதிரியே ஓரத்துல ஓட்டை வரிசைகூட இருக்கும். 1876 வரைக்கும் அஞ்சு தடவை வேற வேற டிசைன்ல வந்துச்சு, ஒவ்வொரு தடவையையும் ஒரு இஷ்யூன்னு சொல்லுவாங்க, 3, 5, 10, 15, 25, 50 சென்ட். 3 சென்ட்டுக்கு ஒரு அரசாங்க நோட்டு, யோசிச்சுப் பாருங்க.

5 சென்ட்ல ஒரு பெரிய கதை. அதை அச்சடிக்கிற பிரிவைப் பாத்துக்கிட்டிருந்த ஸ்பென்சர் கிளார்க் தன் மூஞ்சியையே மூணாவது இஷ்யூ 5 சென்ட் நோட்டுல போட்டுட்டார். காங்கிரஸ்ல பயங்கர கோபம், 1866 ஏப்ரல்ல உயிரோட இருக்குறவங்க படத்தை அமெரிக்கப் பணத்துல போடக் கூடாதுன்னு சட்டமே கொண்டு வந்துட்டாங்க. அந்தத் தாடிக்காரர் நோட்டை ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கலாம், சட்டம் வரக் காரணமான பொருளே உங்க கையில. ஃபிராக்‌ஷனல்ல இன்னொரு லாபம், கண்ணு பழகும். சின்ன நோட்டு, விலை கம்மி, பத்து பதினஞ்சு நோட்டைப் பாத்தா எது நெசமான மொறுமொறுப்பு, எது தண்ணியில கழுவி இஸ்திரி போட்ட மாதிரி செத்துப்போன காகிதம், எங்க ஊசி குத்தின ஓட்டை, எங்க ஓரம் வெட்டியிருக்குன்னு விரலுக்கே தெரிஞ்சுடும். ரெண்டாவது இஷ்யூல வாஷிங்டன் தலையைச் சுத்தி வெண்கலப் பொடியில ஒரு முட்டை வடிவ வளையம் இருக்கும், அது மங்கிப் பழுப்பா இருக்கா, இன்னும் மின்னுதான்னு பாக்கக் கத்துக்கிட்டீங்கன்னா நோட்டைக் கழுவினாங்களா இல்லையான்னு சந்தேகப்படவும் கத்துக்குவீங்க.

இந்தப் பாடத்தை நான் தப்பான வரிசையில கத்துக்கிட்டேன். என் முதல் பெரிய செலவு ஒரு காயின் ஷோவுல வாங்கின 1899 பிளாக் ஈகிள், பளபளன்னு மடிப்பே இல்லாம இருந்துச்சு, டீலர் புதுசு மாதிரின்னு சொன்னார், புதுசுக்கான விலையும் குடுத்தேன். ஒரு வருஷம் கழிச்சு கிரேடிங்குக்கு, அதாவது நோட்டோட நிலையைச் சோதிச்சு மார்க் போடுற கம்பெனிக்கு அனுப்பினப்ப திரும்பி வந்த லேபிள் பின்னாடி பிரெஸ் பண்ணினது, கழுவினதுன்னு எழுதியிருந்துச்சு. விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சிருந்தா மடிப்புக் கோடு தெரிஞ்சிருக்கும், சீரியல் நம்பர் அழுத்தம் பின்பக்கம் தடவினா தெரியணும், அது தெரியலை. அந்த நோட்டை இன்னும் வச்சிருக்கேன், யாராவது கேட்டா எடுத்துக் காட்டி விரலை வச்சுப் பாக்கச் சொல்லுவேன்.

காண்டினெண்டல் நோட்டு பத்தி. 1775-லருந்து 1779 வரைக்கும் காண்டினெண்டல் காங்கிரஸ், அதாவது பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கக் காலனிகளோட சபை விட்ட பணம், பிலடெல்ஃபியாவுல ஹால் அண்ட் செல்லர்ஸ் அச்சடிச்சது. சுதந்திரப் போருக்கு வரி போட அதிகாரமே இல்லாத காங்கிரஸ் வெறும் காகிதத்தை அடிச்சு அடிச்சு விட்டதுல மதிப்பு மண்ணாப் போச்சு, பிரிட்டிஷ்காரங்களும் கள்ளநோட்டு அடிச்சு ஊத்தினாங்க. பின்பக்கம் நெசமான மரத்து இலையோட நரம்பு அச்சா பதிஞ்சிருக்கும், அது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்டுபிடிச்ச வழி, ஒவ்வொரு இலை நரம்பும் வேற வேற, கையால வெட்டி காப்பி அடிக்க முடியாது. காகிதத்துல அபிரகத் துணுக்கு மினுங்கும். ஒவ்வொரு நோட்டுலயும் மனுசன் கையால நம்பர் போட்டு கையெழுத்துப் போட்டிருப்பான். 1776 பிப்ரவரி தேதி போட்ட, ஒரு டாலருக்கும் கம்மியான பின்ன மதிப்பு நோட்டுகள்ல சூரியக் கடிகாரமும், பின்னாடி 13 வளையம் சங்கிலியாக் கோத்ததும் இருக்கும், அதுதான் எனக்கு உசுரு. இந்த வயசுக்கு விலை அதிகம்னு சொல்ல முடியாது, ரெண்டு மூணு நூறு டாலருக்குள்ள ஒழுங்கான நோட்டு அமையும். ஆனா ரெண்டாப் பிளந்து ஒட்டினது, ஓரத்துல பேப்பர் வச்சு ரிப்பேர் பண்ணினது இதுல ரொம்ப அதிகம், மியூசியம் கடைகள்ல விக்கிற நகல்களும் சுத்துது, அதனால இதை மட்டும் கிரேடிங் பண்ணி ஹோல்டர்ல, அதாவது சீல் பண்ணின பிளாஸ்டிக் உறையில இருக்குறதா வாங்குங்க.

கூட்டமைப்பு நோட்டு, அதாவது பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்கள் 1861-லருந்து 64 வரைக்கும் அடிச்சது, அதுல என் நிலை கொஞ்சம் சிக்கல். சரித்திரமா அது முக்கியம், 1864 பிப்ரவரி தேதி போட்ட 10 டாலர், குதிரைங்க பீரங்கி இழுக்குற படம், 50 டாலர் சுத்தி கிடைக்கும். சில நோட்டுல பருத்திக் காட்டுல வேலை செய்யற அடிமைகள் படத்தையே பணத்துல போட்டிருக்காங்க, அதைப் பாக்குறப்ப வயிறு கலங்கும், கலங்கணும். ஒண்ணாவது வச்சிருக்கணும்னு நினைக்கிறவங்க தெரிஞ்சு வச்சிருங்க, ஆல்பத்துல பெருமையா முதல் பக்கத்துல வைக்கிற பொருள் இல்லை. போலி இதுலதான் மலையாக் குவிஞ்சிருக்கு. போர் நடக்கும்போதே பிலடெல்ஃபியாவுல சாமுவேல் உப்ஹம்ங்கிற கடைக்காரர் நகல் அடிச்சு வித்தார், கீழ ஓரத்துல நகல்னு எழுதி தன் பேரும் போட்டிருந்தார், வாங்கினவன் அந்த ஓரத்தை வெட்டிட்டு நெசப் பணமா ஓட்டினான். 1950-கள்ல காலை உணவு சீரியல் டப்பாவுல நகலை இலவசமா போட்டுக் குடுத்தாங்க. மஞ்சக் கலர்ல மொடமொடன்னு சத்தம் போடுற காகிதமா இருந்து கையெழுத்தும் அச்சா இருந்தா அது டூரிஸ்ட் கடைச் சரக்கு. 50 சென்ட் நோட்டைத் தவிர அசல்ல கையெழுத்து பேனா மையில இருக்கும், அந்த மை பழுத்து சில இடத்துல காகிதத்தையே அரிச்சிருக்கும்.

உள்நாட்டுப் போருக்கு முன்னாடி தனியார் பேங்குகள் அடிச்ச அப்சலீட் நோட்டு ஒரு தனிக் கடல். ஃபெடரல் அரசாங்கம் புழக்கத்துக்குக் காகிதப் பணமே பெருசா விடாத காலம், மாநிலம் லைசென்ஸ் குடுத்த ஆயிரக்கணக்கான பேங்க் அவங்கவங்க நோட்டை அவங்கவங்க அடிச்சாங்க, 3 டாலர் நோட்டெல்லாம் சாதாரணம். மிச்சிகன்ல 1837-க்கு அப்புறம் இன்ஸ்பெக்டர் வந்தா காட்டுறதுக்காக பெட்டியில ஆணியும் கண்ணாடித் துண்டும் நிரப்பி மேல மட்டும் வெள்ளிக்காசு பரப்பி வச்ச பேங்க் இருந்துச்சு. 1860-கள் நடுவுல மாநில பேங்க் நோட்டுக்கு 10 சதவீத வரி போட்டதோட இந்தக் கதை முடிஞ்சுச்சு. நியூ ஆர்லியன்ஸ் கெனால் பேங்க் கையெழுத்துப் போடாம மிச்சம் விட்ட தாள்கள் இன்னைக்கும் புத்தம் புதுசா, ரொம்ப கம்மி விலையில கிடைக்குது, செதுக்கு வேலையைப் பாக்கவே ஒண்ணு வாங்கலாம்.

இப்ப நேஷனல் பேங்க் நோட்டு. இதைக் கடைசியா வச்சதுக்குக் காரணம் இருக்கு. 1863 சட்டத்துக்கு அப்புறம் ஒரு பேங்க் அரசாங்க பாண்டை கருவூலத்துல அடமானமா வச்சா, அதுக்கு ஈடா தன் பேரு, தன் ஊர், தன் சார்ட்டர் நம்பர் (அரசாங்கம் குடுத்த லைசென்ஸ் நம்பர்) போட்ட நோட்டு அச்சாகி வாஷிங்டன்லருந்து தாளாத் தாளா வரும், பெரிய சைஸ் காலத்துல ஊர்ல பேங்க் பிரசிடெண்ட்டும் கேஷியரும் கையெழுத்துப் போட்டு வெட்டி கவுண்டர்ல குடுப்பாங்க. பேங்க் திவாலானாலும் அரசாங்கம் பணத்தைக் குடுத்துடும். 1935 வரைக்கும் நடந்துச்சு, 12,000-க்கும் மேல பேங்க், பென்சில்வேனியாவுல மட்டும் ஆயிரத்துக்கு மேல. அந்த ஊர்ல சுரங்கம் மூடியிருக்கும், ரயில் நின்னிருக்கும், பேங்க் கட்டடம் பீட்சா கடை ஆகியிருக்கும், நோட்டுல மட்டும் அந்த ஊர் பேரு பெருசா கறுப்பு எழுத்துல நிக்கும்.

சிக்காகோ, நியூ யார்க் மாதிரி பெரிய ஊர் 1929 சீரீஸ் நேஷனல் 100 டாலர் சுத்திக் கிடைக்கும். அதே 1929, அதே டிசைன், ஆனா ஒரே பேங்க் இருந்த சின்ன ஊர்னா பல மடங்கு விலை போகும், சமயத்துல போகவும் செய்யாது, ஏன்னா அன்னைக்கு அந்த ஊர்க்காரன் ஒருத்தனும் ஏலத்துல இல்லைன்னா கேக்க ஆளில்லை. பைசனுக்கு இந்த மாதிரி ஒருநாள் வராது. பொறுமையா இருந்தா நெசமான அபூர்வம் சாதாரண ஆள் கைக்கு வர்ற ஒரே வாசல் இதுதான். குறையும் சொல்லணும், விக்கப் போனா அந்த ஒரு ஊர்க்காரனைத் தேடணும், பைசனை நாளைக்கே வித்துடலாம். ஒரு வருஷத்துல பணம் திரும்ப வேணும்ங்கிற யோசனை இருக்குறவங்க நேஷனல் பக்கம் வராதீங்க, நெசமா சொன்னா நோட்டு பக்கமே வராதீங்க.

ஹோல்டர்ல இருக்குறதா, வெறும் நோட்டான்னு அடுத்த கேள்வி. பிஎம்ஜி, பிசிஜிஎஸ்னு ரெண்டு கம்பெனி கிரேடு பண்ணி பிளாஸ்டிக் உறையில போட்டுத் தர்றாங்க, 70 வரைக்கும் மார்க். 40 டாலர் ஃபிராக்‌ஷனலுக்கு இது தேவையில்லை, கிரேடிங் செலவே நோட்டு விலைக்கு வந்துடும், தவிர வெறும் நோட்டைத் தொட்டாத்தான் விரல் கத்துக்கும். 200 டாலர் தாண்டினா ஹோல்டர்ல வாங்குங்க, வாங்கும்போது மார்க்கை மட்டும் பாக்காம லேபிளைத் திருப்பிப் பின்னாடி படிங்க, ரிப்பேர், கறை, கழுவினது எல்லாம் அங்கதான் சின்ன எழுத்துல இருக்கும். ஏலத்துல எடுத்தா விழுந்த விலை மேல கிட்டத்தட்ட 20 சதவீதம் கமிஷன் சேரும், 400-ன்னு கை தூக்கினா 480. ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் போவர்ஸ்ங்கிற ரெண்டு ஏல கம்பெனியும் பழைய ஏல விலைகளைப் படத்தோட திறந்து வச்சிருக்காங்க, வாங்குறதுக்கு முன்னாடி அதே ஃப்ரீட்பெர்க் நம்பர் (ஒவ்வொரு நோட்டு வகைக்கும் இருக்குற கேட்டலாக் நம்பர்), அதே கிரேடு எவ்வளவுக்குப் போச்சுன்னு ஒரு அரைமணி நேரம் பாத்துடுங்க.

அதனால தம்பிக்கு நான் சொன்ன கணக்கு இது. 150 டாலருக்கு ஃபிராக்‌ஷனல் மூணு நாலு, வெறும் நோட்டா, அதுல கிளார்க் தாடி கட்டாயம் ஒண்ணு. 200-க்குள்ள லயன்ஸ் கையெழுத்துப் போட்ட பிளாக் ஈகிள். மீதி 650-ஐத் தொடாதீங்க. உங்க பொண்ணு பொறந்த ஊரோ, நீங்க முதல்ல வேலைக்குச் சேர்ந்த ஊரோ, அந்த ஊர்ல நேஷனல் பேங்க் இருந்துச்சான்னு பாத்து, சார்ட்டர் நம்பரைக் குறிச்சு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஏலத்துலயும் தேடிக்கிட்டே இருங்க. ஆறு மாசம் ஆகலாம், நாலு வருஷமும் ஆகலாம்.

நான் இருக்குற ஊர்ல ஒரே ஒரு நேஷனல் பேங்க்தான் இருந்துச்சு, கட்டடம் இன்னும் இருக்கு, கல்லுல பேரு செதுக்கினது மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க, சாயங்கால வெயில்ல எழுத்து லேசாத் தெரியும். போன வருஷம் அந்த பேங்க் 1902 சீரீஸ் 10 டாலர் நோட்டு ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு, கேஷியர் கையெழுத்து மங்காம அப்படியே இருந்துச்சு. என்னை விட ஒரு படி மேல ஒருத்தர் போனார். அந்தப் பக்கத்தை இன்னும் சேமிச்சு வச்சிருக்கேன், அடுத்தது வரும்போது தயாரா இருக்கணும்னு தனியா ஒரு கவர்ல மாசா மாசம் பணம் போட்டுக்கிட்டு வர்றேன்.